மூன்று செடி, ஒரு கூடாரம், ஒரு கரி டப்பா

2024 ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து ஜெர்மனியில் 18 வயது நிரம்பியவர்கள் வீட்டில் கஞ்சா வளர்க்கலாம். தலைக்கு மூன்று செடி. நான்காவதை வளர்த்தால் குற்றம். கனடாவில் 2018 அக்டோபர் 17இலிருந்தே இதற்கு அனுமதி உண்டு. அங்கே கணக்கு வீட்டுக்கு நான்கு செடி. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் நான்குதான். உருகுவே 2013இலேயே வீட்டுக்கு ஆறு செடி என்று சட்டம் இயற்றியது. பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும், ஆண்டு விளைச்சல் 480 கிராமைத் தாண்டக்கூடாது என்பவை அங்கே நிபந்தனைகள். மால்டா 2021இலும் லக்சம்பர்க் 2023இலும் நான்கு செடிக்கு வழிவிட்டன. தென்னாப்பிரிக்காவில் 2018இல் அரசியல் சாசன நீதிமன்றமே தலையிட்டு, ஒருவர் தன் வீட்டுக்குள் தனக்காக வளர்ப்பதைக் குற்றமாக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 8ஆம் பிரிவில் கஞ்சா செடி வளர்ப்பதைத் தடை செய்கிறது. 20ஆம் பிரிவின்படி 10 ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். மொட்டைமாடித் தொட்டியில் ஒன்று வளர்த்தாலும் அது 'வளர்த்தல்'தான். இந்தக் கட்டுரை, சட்டம் கதவைத் திறந்துவிட்ட ஊர்களில் நடப்பதைப் பற்றியது.

பெர்லினிலோ டொரண்டோவிலோ வளர்ப்புச் சாதனம் விற்கும் கடைக்குள் நுழைந்தால் எல்லாம் வரிசையாக இருக்கும். வெளியே கறுப்பாகவும் உள்ளே கண்ணாடிபோல் மின்னும் உறையோடும் ஜிப் வைத்த துணிக் கூடாரம். எல்இடி பலகை. உருளை வடிவ மின்விசிறி, அதோடு பொருத்தக் கரி அடைத்த ஒரு டப்பா. டைமர், ஈரப்பதமானி, பாட்டில் பாட்டிலாக உரக் கரைசல். முதன்முறை வாங்க வருபவர் இவை அத்தனையும் செடிக்குத் தேவையானவை என்றே நினைக்கிறார். பாதிதான் செடிக்கு. மீதிப் பாதி, ஒளிந்து வளர்த்த காலத்தின் எச்சம். ஹெலிகாப்டர், வெப்பம் காட்டும் கேமரா, மோப்ப நாய், மின்கட்டண ரசீது, இந்த நான்குக்கும் பயந்து நாற்பது ஆண்டுகளாகக் கண்டுபிடிக்கப்பட்டவை. வீட்டுக்குள் கஞ்சா வளர்க்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கியதில் தோட்டக்கலைக்காரர்களுக்கு உள்ள பங்கைவிடப் போலீஸ்காரர்களுக்கு உள்ள பங்கு பெரிது. பயம் போன பிறகும் அந்தச் சாமான்களை முழுசாக வாங்க வேண்டுமா என்பதுதான் இன்று ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

இரவைக் கணக்குப் போடும் செடி

செடியின் பக்கத்திலிருந்து தொடங்கலாம். கஞ்சா, இரவின் நீளத்தை அளந்து பூக்கும் செடி. பகல் நீண்டிருக்கும்வரை இலையும் தண்டுமாக வளரும். இரவு நீளத் தொடங்கியதும் பூவெடுக்கும். இந்த உண்மையை முதலில் தொட்டவர் பாரிஸில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஜூலியன் தூர்ன்வா என்ற தாவரவியலாளர். அவர் கையில் இருந்த செடிகளில் ஒன்று கஞ்சாவேதான். குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் விதைத்த செடிகள் சின்னஞ்சிறு உருவிலேயே பூத்துவிடுவதைப் பார்த்து, பகல் குறுகியிருப்பதே காரணம் என்று 1912இல் எழுதத் தொடங்கினார். முதல் உலகப் போர் அவரைக் கொண்டுபோய்விட்டது. 1920இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னரும் அல்லார்டும் புகையிலையை வைத்து அதே உண்மையை விரிவாக நிறுவினார்கள்; பெயரும் அவர்களுக்கே போனது.

வீட்டுக்குள் வளர்ப்பதன் சூட்சுமம் முழுக்க இந்த ஒரு குணத்தில் இருக்கிறது. டைமரைத் திருப்பினால் பருவம் மாறும். 18 மணி நேரம் விளக்கு எரிந்தால் செடிக்கு அது ஆனி மாதம். 12 மணி நேரமாகக் குறைத்தால் புரட்டாசி பிறந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு பூக்கத் தொடங்கிவிடும். அந்த 12 மணி நேர இருட்டு கலையாத இருட்டாக இருக்க வேண்டும். இரவில் யாராவது அறை விளக்கைப் போட்டுக்கொண்டே இருந்தால் பூப்பது தடைபடும். சில பெண் செடிகள் குழம்பி ஆண் பூவையும் விட்டுவிடும். மகரந்தம் பரவினால் எல்லாம் விதையாகிவிடும். ஆகவே ஜிப் போட்டு மூடும் கூடாரம் வெறும் ஒளிவிடம் என்று சொல்லிவிட முடியாது. ஒளிந்து வளர்த்தவனுக்கும் செடிக்கும் ஒரே நேரத்தில் உதவிய பொருள் அது ஒன்றுதான்.

ஹெலிகாப்டர் துரத்திய தோட்டம்

1970களில் அமெரிக்காவின் கஞ்சா பெரும்பாலும் வெளியில் விளைந்தது. கலிபோர்னியாவின் ஹம்போல்ட், மெண்டசினோ, டிரினிட்டி மலைப்பகுதிகள் அதற்குப் பேர்போனவை. 1983இல் மாநில அரசு செடி அழிப்பு இயக்கம் ஒன்றைத் தொடங்கி ஹெலிகாப்டர்களை அனுப்பியது. மலைக்காட்டுக்கு மேலே பறந்து பார்த்தால் கஞ்சாவின் பச்சை தனியாகத் தெரியும் என்பார்கள். வளர்ப்பவர்கள் செய்ததும் எதிர்பார்க்கக்கூடியதுதான்: கூரைக்கு அடியில் போனார்கள்.

கூரைக்கு அடியில் சூரியன் இல்லை. தெருவிளக்கில் எரிந்துகொண்டிருந்த சோடியம் விளக்குகள் அந்த இடத்தை நிரப்பின. 600 வாட், 1000 வாட் விளக்குகள், மஞ்சள் ஒளி, தாங்கமுடியாத சூடு. ஹைட்ரோபோனிக்ஸ் கடைகள் பெருகின; தக்காளிக்கும் ஆர்க்கிட்டுக்கும் என்று சொல்லி விற்றார்கள். 1989 அக்டோபர் 26ஆம் தேதி அமெரிக்கப் போதைத் தடுப்பு முகமை, கஞ்சா பத்திரிகைகளில் விளம்பரம் செய்துகொண்டிருந்த சாதனக் கடைகள்மீது நாடு முழுவதும் ஒரே நாளில் பாய்ந்தது. 'பசுமை வணிகர் நடவடிக்கை' என்று அதற்குப் பெயர். கடைக்காரர்களின் பட்டியலைப் பிடித்தால் வாடிக்கையாளர்களின் பட்டியலும் கிடைக்கும் அல்லவா?

அடுத்து வந்தது வெப்பம் காட்டும் கருவி. ஒரேகான் மாநிலத்தின் ஃபுளோரன்ஸ் என்ற ஊரில் டேனி கைலோ என்பவரின் வீட்டுக்கு வெளியே, 1992 ஜனவரியில் ஓர் அதிகாலை, காரில் உட்கார்ந்தபடி அதிகாரிகள் அந்தக் கருவியை நீட்டினார்கள். மற்ற வீடுகளைவிடக் கராஜ் கூரையும் ஒரு பக்கச் சுவரும் சூடாகத் தெரிந்தன. மின்கட்டணப் பதிவும் கையில் இருந்தது. சோதனை ஆணை வாங்கி உள்ளே போனால் 100க்கும் மேற்பட்ட செடிகள். வழக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. நீதிமன்ற ஆணை இல்லாமல் வீட்டுச் சுவரின் வெப்பத்தை அளப்பதும் சோதனைதான், அது அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று 2001 ஜூனில் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி ஸ்கலியா. பழமைவாதி என்று பேரெடுத்தவர். வீட்டுப் பெண்மணி எந்த நேரத்தில் வெந்நீரில் குளிக்கிறார் என்பதைக்கூட இந்தக் கருவி காட்டிக்கொடுக்குமே என்று அவர் கவலைப்பட்டார். 2013இல் ஃபுளோரிடா வழக்கொன்றில், வாசற்படிவரை மோப்ப நாயைக் கூட்டி வருவதும் சோதனையே என்ற தீர்ப்பையும் அவரே எழுதினார். அந்த நாயின் பெயர் ஃபிராங்கி.

தனிமனித அந்தரங்கத்தைப் பற்றி இன்று அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் நடத்தப்படும் பாடங்களில் இரண்டு, ஒரு சோடியம் விளக்கின் சூட்டிலிருந்தும் கதவிடுக்கில் கசிந்த வாசனையிலிருந்தும் பிறந்தவை. சாதனக் கடைக்காரர்கள் கற்ற பாடம் வேறு. சூட்டை வெளியே தெரியாமல் இழுத்துவிட ஒரு விசிறி. வாசனையைப் பிடித்துவைக்க ஒரு கரி டப்பா. இரண்டும் இன்றும் 'தொடக்கநிலைத் தொகுப்பு' என்ற பெயரில் ஒரே பெட்டியில் விற்கின்றன.

விளக்கு: பணம் போகுமிடம்

சாதனத் தேர்வில் யோசிக்க வேண்டியது விளக்கு ஒன்றுதான் என்பேன். மற்றவற்றில் தவறினால் மாற்றிக்கொள்ளலாம். விளக்கில் தவறினால் மாதாமாதம் மின்கட்டணமாக வந்து நிற்கும்.

ஒரு ஜெர்மானியர் மூன்று செடியை விதையிலிருந்து அறுவடைவரை வளர்க்க, குத்துமதிப்பாக 13 வாரம் என்று வையுங்கள். முதல் 4 வாரம் நாளுக்கு 18 மணி நேரம், அடுத்த 9 வாரம் 12 மணி நேரம் விளக்கு. 100 வாட் எல்இடி பலகைக்கு இது ஏறக்குறைய 126 யூனிட். பழைய பாணியில் 600 வாட் சோடியம் விளக்கை மாட்டினால், சோக்கில் வீணாவதையும் சேர்த்து 830 யூனிட்டைத் தாண்டும். ஜெர்மனியில் ஒரு யூனிட் 35 யூரோ சென்ட் என்று வைத்தால் முன்னதற்கு 44 யூரோ, பின்னதற்கு 290 யூரோவுக்கு மேல். ஒரே அறுவடைக்கு. அந்தச் சூட்டைத் தணிக்கக் கூடுதல் விசிறி, கோடையில் குளிர்சாதனம் என்று செலவு கிளைவிடுவது தனிக்கதை.

எல்இடி இந்த இடத்துக்கு வரக் காலம் பிடித்தது. ஜப்பானியர்களான அகாசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 1990களின் தொடக்கத்தில் நீல எல்இடியைச் சாத்தியமாக்கினார்கள். 2014இல் நோபல் பரிசு பெற்றார்கள். நீலம் வந்த பிறகே வெள்ளை எல்இடி வந்தது. ஆனால் வளர்ப்பு விளக்கு செய்தவர்கள் தொடக்கத்தில் இலை உறிஞ்சுவது சிவப்பையும் நீலத்தையும்தானே என்று அந்த இரண்டை மட்டும் வைத்து, கல்யாண மண்டபம்போல் ஊதா வெளிச்சம் அடிக்கும் பலகைகளை விற்றார்கள். அந்த வெளிச்சத்தில் இலை மஞ்சளாகிறதா, பூச்சி விழுந்திருக்கிறதா என்று மனிதக் கண்ணுக்குத் தெரியாது. பச்சை ஒளியும் இலையின் உட்பகுதிவரை போய் வேலை செய்கிறது என்பது புரிந்தபின் இப்போது வெள்ளை ஒளிக்கே திரும்பிவிட்டார்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய எண் ஒன்று உண்டு. ஒரு ஜூல் மின்சாரத்துக்கு, இலைக்குப் பயன்படும் ஒளித்துகள் எத்தனை மைக்ரோமோல் வெளிவருகிறது என்பது அது. நல்ல எல்இடி 2.5க்கு மேல், சிறந்தவை 3ஐத் தொடும். சோடியம் விளக்கில் மிகச் சிறந்ததே 1.7 அளவில் நின்றுவிடும். பெட்டியின் மேல் '1000 வாட்டுக்கு இணை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். சுவரிலிருந்து எத்தனை வாட் இழுக்கிறது என்று சின்ன எழுத்தில் வேறெங்காவது இருக்கும், அதுவே உண்மை. அந்தச் சின்ன எழுத்தும் இல்லையென்றால் பலகையைக் கடையிலேயே வைத்துவிட்டு வரலாம்.

மின்சாரம் தனிமனிதக் கவலை மட்டுமல்ல. 2012இல் இவான் மில்ஸ் என்ற ஆற்றல்துறை ஆய்வாளர், அமெரிக்காவின் மொத்த மின்சாரத்தில் ஏறத்தாழ 1 சதவீதம் உள்ளரங்கக் கஞ்சா வளர்ப்புக்குப் போகிறது என்று மதிப்பிட்டார். 2021இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வொன்று, ஒரு கிலோ உலர்ந்த பூவுக்கு இடத்தைப் பொறுத்து 2,283 முதல் 5,184 கிலோ வரை கரியமில வாயுவுக்கு இணையான பசுங்குடில் வாயுக்கள் வெளியேறுகின்றன என்று கணக்கிட்டது. களையைப்போல் தெருவோரத்தில் முளைக்கக்கூடிய ஒரு செடிக்கு இது கொஞ்சம் அதிகப்படியான உபசாரம்.

தேங்காய் போன தூரம்

இந்தக் கடைகளில் ஒரு தமிழர் எதிர்பாராமல் ஊர்க்காரரைச் சந்திப்பது மண்ணுக்கான அலமாரியில்தான். செங்கல்போல் அழுத்திய பழுப்புக் கட்டி, ஐந்து கிலோ எடை. தண்ணீர் ஊற்றினால் 70 லிட்டர் அளவுக்கு உப்பும். தென்னை நார்க்கழிவு. உறையைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் இந்தியா அல்லது இலங்கை என்று இருக்கும். இந்தியா என்றால் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மஞ்சி மில்லில் மட்டையை அடித்து நாரைப் பிரித்தபின் உதிரும் தூளை முன்பெல்லாம் சீந்துவார் இல்லை. சாலையோரங்களில் மலைமலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். வெயிலில் தீப்பிடித்தால் நாட்கணக்கில் புகையும். தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொண்டே வேருக்குக் காற்றும் விடும் அதன் குணத்தை ஐரோப்பியக் கண்ணாடி வீட்டு விவசாயிகள் கண்டுகொண்ட பிறகு நிலைமை தலைகீழ். கயிற்றையும் மிதியடியையும்விட அந்தத் தூளே இப்போது இந்தியத் தென்னைநார் ஏற்றுமதியில் முன்னிற்கிறது. தக்காளி, ஸ்ட்ராபெரி, ரோஜாவுக்குத்தான் பெரும்பகுதி போகிறது. கஞ்சா வளர்ப்பவர்களும் நல்ல வாடிக்கையாளர்கள்.

தூளில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் அதிகம். அவற்றைக் கழுவி இறக்கி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, மறுபடி அலச வேண்டும். இதைச் செய்யாத கட்டியில் நட்டால், ஊற்றும் கால்சியத்தையெல்லாம் தூளே பிடித்துக்கொள்ளும். செடியின் இலையில் துருப்பிடித்த புள்ளிகள் விழும். வாங்குபவர் உறையில் 'கழுவியது, கால்சியம் ஏற்றியது' என்று இருக்கிறதா என்று பார்க்கிறார். அந்த வாசகத்துக்கான தண்ணீர் கோவை, திருப்பூர் மாவட்டக் கிணறுகளிலிருந்து போகிறது. கழுவிய நீர் தேநீர் நிறத்தில் வெளியேறி நிலத்தடி நீரைக் கெடுக்கிறது என்று விவசாயிகள் முறையிட்டதைத் தொடர்ந்து, 2021இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார்த் தொழிலை வெள்ளைப் பிரிவிலிருந்து ஆரஞ்சுப் பிரிவுக்கு மாற்றியது. இங்கே ஒரு செடி நட்டால் சிறை. அங்கே நடப்படும் செடிக்கு மண் கழுவித் தருவது தொழில்.

கரி டப்பாவிலும் தேங்காய் உண்டு. அதில் அடைக்கும் செயலூட்டிய கரியை நிலக்கரியிலிருந்தும் செய்கிறார்கள், தேங்காய்த் தொட்டியைச் சுட்டும் செய்கிறார்கள். தொட்டிக்கரி வகை நுண்துளைகள் நிறைந்தது. இலங்கை இதில் உலகின் முன்னணி ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. நம் காங்கேயம் வட்டாரமும் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. கஞ்சாவின் நெடிக்குக் காரணம் டெர்பீன்கள் என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் மிகச் சிறிய அளவில் இருக்கும் கந்தகச் சேர்மங்களால் வருவது என்று 2021இல் வேதியியலாளர்கள் காட்டினார்கள். அவ்வளவு சிறிய அளவையும் கரி பிடித்துக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் கரியின் துளைகளைத் தண்ணீரே அடைத்துவிடும். பிறகு டப்பா இருந்தும் இல்லாததுபோல்தான்.

ஒளிய வேண்டிய கட்டாயம் போன பின்னும் இந்த டப்பா தேவையா? தேவை என்றே சொல்வேன். ஜெர்மனியில் அக்கம்பக்கத்தாருக்குச் சகிக்கமுடியாத தொந்தரவு தரக்கூடாது. செடியும் பூவும் குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது. போலீசுக்குப் பயந்து வாங்கியதை இப்போது மேல்மாடிக்காரருக்காக வாங்க வேண்டியிருக்கிறது. பூட்டுப் போட்ட அலமாரியும் அப்படித்தான்.

மண்ணா, நீரா?

1930களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் வில்லியம் கெரிக் மண்ணே இல்லாமல், சத்துக் கரைத்த நீரில் ஆளுயரத்தைத் தாண்டித் தக்காளி வளர்த்துக் காட்டினார். அன்றிலிருந்து நீர்வளர்ப்புக்கு ஒரு மாயக் கவர்ச்சி. வாளியில் வேர் தொங்க, காற்றுக்குமிழி பம்பு ஓட, செடி கண்ணெதிரே பொங்கி வளரும். பம்பு ஒரு நாள் நின்றால், தண்ணீர் சூடானால், வேர் அழுகிவிடும். அமிலநிலையைத் தினம் பார்க்க வேண்டும். பாசால்ட் பாறையை உருக்கி நூற்றுச் செய்யும் பாறைப்பஞ்சுக் கட்டி இன்னொரு வழி. டச்சுக் கண்ணாடி வீடுகளில் அதுதான் ராஜா. ஆனால் அது மக்காது. மூன்று செடிக்காரர் அறுவடைக்குப்பின் அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவார்?

வேகமும் விளைச்சலும் வேண்டும் என்று ஒளிந்து வளர்த்தவர்கள் நீருக்குப் போனதில் நியாயம் இருந்தது. பிடிபடுவதற்குள் அறுவடை முடிய வேண்டும். அந்த அவசரம் இல்லாதவருக்கு 10 லிட்டர் துணித்தொட்டியும் நல்ல தொட்டிமண்ணும் போதும். மண் பிழை பொறுக்கும். உரம் கூடினாலும் குறைந்தாலும் சில நாள் தாங்கிக்கொள்ளும். புதியவர்கள் பட்டினி போட்டுச் செடியைக் கொன்றதைவிடத் தண்ணீர் ஊற்றிக் கொன்றதே அதிகம். தொட்டியைத் தூக்கிப் பார்த்து, கனமில்லாமல் இருந்தால் மட்டும் ஊற்றுவது என்ற பழக்கத்தை எந்தக் கருவியும் மிஞ்சாது. நீர்வளர்ப்பு, குழாயும் பம்பும் மாட்டிப் பார்ப்பதில் சுகம் காண்பவர்களுக்கான பொழுதுபோக்கு. அதில் தப்பில்லை, அதற்கும் பூவுக்கும் சம்பந்தம் குறைவு என்று தெரிந்து செய்தால்.

விதைத் தேர்விலும் ஒளிவிடத்தின் தடம் இருக்கிறது. தென்னிந்தியா, தாய்லாந்து போன்ற வெப்ப நாட்டு வகைகள் ஆளைவிட உயரமாக ஓங்கி, மெல்லப் பூப்பவை. நிலவறைக் கூரைக்கு அவை ஒத்துவரவில்லை. ஆப்கானிஸ்தானின் குட்டையான, அடர்ந்த, சீக்கிரம் பூக்கும் வகைகளைக் கொண்டுவந்து கலந்தார்கள். இன்று விற்கும் கலப்பினங்களில் பெரும்பாலானவற்றில் அந்த ரத்தம் ஓடுகிறது. இன்னொரு பக்கம், 1924இல் ரஷ்யத் தாவரவியலாளர் யானிஷெவ்ஸ்கி விவரித்த ருடராலிஸ் என்ற காட்டுவகை. வடக்கே கோடை குறுகியது என்பதால் இரவுக்காகக் காத்திராமல் வயது வந்ததும் பூத்துவிடும். 2000களின் தொடக்கத்தில் அதைக் கலந்து 'லோரைடர்' என்ற குள்ள வகையை விற்கத் தொடங்கியதிலிருந்து, தானே பூக்கும் விதைகள் தனிச் சந்தையாகிவிட்டன.

பால்கனி இருப்பவருக்கு என் சிபாரிசு இதுதான். ஜெர்மனியில் வழக்கமான வகை ஆகஸ்டில் பூவெடுத்து அக்டோபரில் முற்றும். அதற்குள் மழை பிடித்து, சாம்பல் பூஞ்சணம் பூவை உள்ளிருந்து அழுகவைத்துவிடும். தானே பூக்கும் வகையை மே மாதம் வைத்தால் கோடை வெயிலிலேயே வேலை முடிந்துவிடும். விளக்கில்லை, விசிறியில்லை, யூனிட் கணக்கில்லை. குழந்தைகள் நுழையாத, எதிர்வீட்டிலிருந்து தெரியாத பால்கனியாக இருந்தால் சரி.

வீட்டுக்காரர் என்ன சொல்வார்?

கனடாவில் நான்கு செடி என்பது நாட்டுச் சட்டம். மாகாணங்கள் அதை இறுக்கலாம். மனிடோபா முதலில் தடை விதித்துப் பிறகு விலக்கிக்கொண்டது. கியூபெக் விலக்கவில்லை. நாட்டுச் சட்டம் அனுமதித்ததை மாகாணம் தடுக்கலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. தடுக்கலாம் என்று 2023 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று. ஒட்டாவாவில் ஆற்றின் இந்தக் கரையில் வளர்க்கலாம். பாலம் தாண்டி கியூபெக் பக்கம் கட்டினோ போனால் கூடாது.

ஒன்டாரியோவில் வளர்க்கலாம் என்றாலும் வாடகை ஒப்பந்தம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அடுக்குமாடி நிர்வாகங்களும் தங்கள் விதிகளில் தடையை எழுதிக்கொண்டன. டொரண்டோவின் ஸ்கார்பரோவில் பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்கள் பயப்பட வேண்டியது நெடியைவிட ஈரத்துக்கு. நான்கு பெரிய செடிகள் உறிஞ்சும் தண்ணீர் முழுவதும் இலை வழியாக அறைக் காற்றில்தான் கலக்கிறது. கனடியக் குளிரில் அது ஜன்னலிலும் சுவர் மூலையிலும் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். காற்றை வெளியேற்றும் குழாய் வீட்டுக்கு வெளியே போகிறதா, பக்கத்து அறைக்குள்ளேயே விடுகிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. நீட்சி வயரில் ஹீட்டரும் விளக்கும் ஒன்றாகத் தொங்குகின்றனவா என்றும்.

ஐம்பது கிராம்

ஜெர்மானியச் சட்டத்தில் கடைக்காரர்கள் உரக்கச் சொல்லாத ஒரு வரி இருக்கிறது. வீட்டில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய உலர்ந்த பூ 50 கிராம். அதைத் தாண்டி 60 வரை அபராதம்; 60ஐயும் தாண்டினால் குற்ற வழக்கு. மிஞ்சியதை நண்பருக்குக் கொடுக்கவும் கூடாது, சும்மா என்றாலும். அழிக்க வேண்டும்.

பழகிய கைகள் விளக்கின் ஒரு வாட்டுக்கு ஒரு கிராம் என்று குத்துமதிப்பாகச் சொல்வார்கள். புதியவர் அதில் பாதி எடுப்பார். 100 வாட் பலகைக்குக் கீழே புதியவரின் மூன்று செடி 50 கிராமை ஒட்டி வரும். இரண்டாம் மூன்றாம் முறை கை பழகியதும் அதே விளக்கு அவரைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடும். 400 வாட் வாங்கியவர் முதல் அறுவடையிலேயே குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். அப்படியிருந்தும் கடைகளில் 120க்கு 120 சென்டிமீட்டர் கூடாரமும் அதற்கேற்ற பெரிய பலகையும் அடுக்கியிருக்கிறார்கள். பத்து செடி வைத்து ஒளிந்து வளர்த்தவனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை மூன்று செடிக்காரருக்கு மாட்டப் பார்க்கிறார்கள்.

60க்கு 60 கூடாரம், 100 வாட்டுக்கு மேல் போகாமல் மங்கலாக்கும் குமிழ் வைத்த பலகை, சின்ன விசிறி, கரி டப்பா, மூன்று துணித்தொட்டி: அவருக்கு இவ்வளவு போதும். அறுவடைக்குப் பின் பத்துப் பன்னிரண்டு நாள் இருட்டில் நிதானமாகக் காயவைக்கவும் அதே கூடாரம்தான். பலர் எல்லாம் வாங்கிவிட்டு இதற்கு இடமில்லாமல் திண்டாடுகிறார்கள். மூன்று செடியையும் ஒன்றாக வைக்காமல் மாதம் ஒன்றாகத் தானே பூக்கும் வகையை வைத்தால், 50 கிராம் கணக்கும் தானாக அடங்கும். தம்பதியாக வளர்ப்பவர்களுக்குச் செடி ஆறு, பூ நூறு கிராம். இவருடையது இவருக்கு, அவருடையது அவருக்கு. கனடாவின் நாட்டுச் சட்டத்தில் இந்தக் கவலையே இல்லை. அங்கே 30 கிராம் வரம்பு பொது இடத்துக்கு மட்டும். வீட்டுக்குள் நான்கு செடி என்ன தந்தாலும் ஜாடியில் போட்டு வைத்துக்கொள்ளலாம். ஸ்கார்பரோக்காரருக்குப் பொருந்தும் கூடாரத்தை ஸ்டுட்கார்ட்காரர் வாங்கக்கூடாது.